இடம் அறிந்து நினைவூட்டும் கைப்பேசி

ஒரு வேலையை மறந்துவிட்டோம் என்று சொல்லும்போது, பெரும்பாலும் நாம் அந்த வேலையையே மறந்திருப்பதில்லை. செய்ய வேண்டிய இடத்தில், செய்ய வேண்டிய வேளையில் அது நினைவுக்கு வரவில்லை என்பதே உண்மை. லாக்கர் சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இரவு படுக்கையில் நன்றாக நினைவிருக்கும். மறுநாள் காலை கதவைப் பூட்டும்போது இராது. வங்கிக் கிளையின் படியேறும்போது திரும்பவும் வந்து நிற்கும். உளவியலார் இத்திறனுக்கு வருங்கால நினைவு என்று தனிப்பெயர் இட்டுள்ளனர். நடந்ததை நினைவுகூர்வது ஒன்று. செய்யப்போவதை உரிய தருணத்தில் நினைவுகூர்வது வேறொன்று. முன்னதில் வல்லவராக இருப்பவர் பின்னதில் தடுமாறுவது இயல்பே.

முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இக்குறையைச் சரிசெய்யப் பிறந்தது. முடிச்சு கண்ணில் படும். ஏதோ ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது தெரியும். என்ன என்பது மட்டும் சில நேரங்களில் தெரியாது. கைப்பேசியின் அலாரம் இதற்கு நேர்மாறு. செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லும். ஆனால் அதைச் செய்ய முடியாத இடத்தில் நாம் இருக்கும்போது சொல்லும். அலுவலகக் கூட்டத்தின் நடுவே தயிர் வாங்கச் சொல்லி ஒலிக்கும் அலாரத்தை அணைத்துவிட்டு, மாலையில் நந்தினி பால் நிலையத்தைக் கடந்து வெறுங்கையுடன் வீடு சேர்ந்தவர் பெங்களூரில் பலர் இருப்பர்.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே இடம் சார்ந்த நினைவூட்டல். ஆறு மணிக்கு என்று சொல்வதற்குப் பதிலாக, அங்கே சென்றதும் என்றோ, இங்கிருந்து புறப்பட்டதும் என்றோ கைப்பேசிக்குக் கட்டளையிடலாம். ஒரு முறை முயன்று பார்த்து, சரியாக வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்குக் குறை கருவியில் இருந்திராது. வேலையைக் கட்டிய இடத்தில் இருந்திருக்கும். எந்த வேலையை எந்த இடத்தில் கட்டுவது என்பதே இப்பாடத்தின் பொருள்.

முதலில் ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம்

1990-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன், மெக்டேனியல் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினர். (இந்த ஐன்ஸ்டைன் இயற்பியல் மேதை அல்லர்.) வேறொரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது, குறிப்பிட்ட ஒரு சொல் திரையில் தோன்றினால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்பது பணி. இதில் முதியோர் இளையோருக்குக் குறைந்துவிடவில்லை. பின்னர், 1995-இல் வெளியான ஆய்வில், குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் தாமாகவே உணர்ந்து செய்ய வேண்டிய பணியும் சேர்க்கப்பட்டது. அங்கே முதியோர் பின்தங்கினர். கண்முன் ஏதேனும் ஓர் அடையாளம் தோன்றினால் நினைவு எழுகிறது. வெறும் நேரம் அத்தகைய அடையாளமாக அமைவதில்லை. வயது கூடக்கூட இந்த வேறுபாடு பெரிதாகிறது. இடம் என்பது அடையாளங்களில் மிகவும் வலிமையானது. ஆகவே இவ்வசதியை இளைஞர்களின் விளையாட்டுப் பொருளாகக் கருத வேண்டியதில்லை. ஓய்வூதியம் பெறுவோருக்கே இதன் பயன் மிகுதி என்பது என் கருத்து.

இடத்தையும் நினைவூட்டலையும் இணைக்கும் முயற்சி கைப்பேசிகள் இன்றைய வடிவம் பெறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000-ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்டது. அதே காலத்தில் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தைச் சேர்ந்த நடாலியா மார்மாஸ், கிறிஸ் ஷ்மாண்ட் இருவரும் காம்மோஷன் என்னும் அமைப்பை உருவாக்கினர். கட்டடத்துக்குள் நுழைந்ததும் செயற்கைக்கோள் சமிக்ஞை அறுந்துபோகும் அல்லவா? அதையே அது பயன்படுத்திக்கொண்டது. ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் சமிக்ஞை அறுந்தால், அவ்விடம் இவருக்கு முக்கியமானது என்று ஊகித்து, அதற்குப் பெயரிடச் சொல்லும். பெயரிட்ட இடத்தில் வேலைப் பட்டியலை இணைத்து வைக்கலாம்.

2005-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த மற்றோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. பத்துப் பேரிடம் இரண்டு வாரங்களுக்கு ஒரு செயலி கொடுக்கப்பட்டது. அது செயற்கைக்கோளை நம்பவில்லை. கைப்பேசிக் கோபுரங்களை வைத்து இடத்தைத் தோராயமாக மட்டுமே அறிந்தது. அந்தத் தோராயம் பயனாளர்களுக்குப் பெரிய இடையூறாக இருக்கவில்லை; எப்போதும் கையில் இருக்கும் கருவி என்ற எளிமையே அக்குறையை ஈடுசெய்தது. அவர்கள் இடத்தை இடமாகவே பயன்படுத்தவுமில்லை. வேறொரு சூழலுக்கான குறியீடாகப் பயன்படுத்தினர். ‘வீடு’ என்று ஒருவர் குறித்தால் அதன் பொருள் நான்கு சுவர் அன்று. கை ஓய்ந்து, மேசை இழுப்பறை எட்டும் தூரத்தில் இருக்கும் வேளை என்பது பொருள். இந்த நுட்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அலுவல்களைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

2011 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 5 பதிப்பில் நினைவூட்டல் செயலியை வெளியிட்டபோது, இடம் சார்ந்த நினைவூட்டல் சாதாரணப் பயனாளர் கைக்கு வந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நிலைமை ஒன்றுபோல் இல்லை. சில தயாரிப்பாளர்கள் தம் நினைவூட்டல் செயலியிலேயே இடத்தைக் குறிக்க வழி தருகின்றனர். இவ்வசதியை முன்பு தந்த சில செயலிகள் பின்னர் அதைக் கைவிட்டன. நாட்காட்டிச் செயலியில் ‘இடம்’ என்றொரு கட்டம் இருக்கும். அதை நிரப்பிவிட்டு, அங்கே சென்றதும் கைப்பேசி ஒலிக்கும் என்று காத்திருப்போர் உண்டு. அந்தக் கட்டம் வரைபடத்தில் வழிகாட்டுவதற்கு மட்டுமே, நினைவூட்டலுக்கு அன்று.

கைப்பேசி இடத்தை அறிவது எப்படி

இதைத் தெரிந்துகொண்டால்தான் கருவி எங்கே கைவிடும் என்பது விளங்கும்.

செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞை, தான் புறப்பட்ட நேரத்தைத் தாங்கி வருகிறது. கைப்பேசி அது வந்துசேர்ந்த நேரத்தைப் பார்த்து, இடையில் உள்ள தொலைவைக் கணக்கிடுகிறது. ஒளியின் வேகத்தில் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவு 300 மீட்டர் பிழைத்துவிடும். எனவே இடத்தை அறிவது என்பது அடிப்படையில் நேரத்தை அளப்பதே. ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக்கடிகாரம் இருப்பது இதனால்தான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இந்தியாவின் சொந்த ஏற்பாடான நாவிக், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோவின் படைப்பு. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. ஏழாவது ஏவப்பட்ட 2016 ஏப்ரல் 28 அன்றுதான் நாவிக் என்னும் பெயர் சூட்டப்பட்டது. நகருக்கு வெளியே பயலாலு என்னும் சிற்றூரில் இதற்கான வழிகாட்டு மையம் இருக்கிறது. முதல் செயற்கைக்கோளின் அணுக்கடிகாரங்கள் பழுதானபோது, மாற்றுச் செயற்கைக்கோள் ஒன்றை 2018-இல் அனுப்ப வேண்டியதாயிற்று. 2023 மே 29 அன்று சென்ற என்.வி.எஸ்.-01 இல் நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரம் இடம்பெற்றது.

ஆனால் நினைவூட்டலுக்காகக் கைப்பேசி எந்நேரமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அப்படிச் செய்தால் மின்கலம் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். அருகில் உள்ள கைப்பேசிக் கோபுரங்களையும், சுற்றுப்புறத்தில் தென்படும் வைஃபை இணைப்புகளையும் கொண்டே அது பெரும்பாலும் காலம் தள்ளுகிறது. நீங்கள் குறித்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்துகொள்கிறது. அதற்குப் புவிவேலி என்று பெயர். வட்டத்துக்குள் நுழைந்தாலோ, வட்டத்தைவிட்டு வெளியேறினாலோ ஒலிக்கிறது. ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்குவோருக்குக் கூகுள் தரும் வழிகாட்டுதலின்படி வட்டத்தின் ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டர் வரை இருப்பது நல்லது. வைஃபை இயங்கும்போது துல்லியம் பொதுவாக 20 முதல் 50 மீட்டர். வைஃபை இல்லாத நாட்டுப்புறத்தில் பிழை பல நூறு மீட்டர் வரை, சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கிலும் விரியும். செயலி பின்னணியில் இருக்கும்போது அறிவிப்பு வர இரண்டு மூன்று நிமிடம் தாமதமாகலாம். கைப்பேசி நெடுநேரம் அசையாமல் கிடந்திருந்தால் தாமதம் இன்னும் கூடும்.

இவ்வெண்கள் வறட்சியாகத் தோன்றலாம். ஆனால் எல்லாம் இவற்றில்தான் அடங்கியிருக்கிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் இரண்டு நிமிடத்தில் ஏறத்தாழ 165 மீட்டர் கடப்பார். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கூட்டரில் செல்பவரோ அதே இரண்டு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் கடந்துவிடுவார். மருந்துக் கடையைச் சுற்றி 150 மீட்டர் ஆரமுள்ள வட்டம் போட்டால், நடப்பவருக்குக் கடை வாசலில் ஒலிக்கும்; ஸ்கூட்டரில் செல்பவருக்குக் கடை பின்னால் மறைந்த பிறகு ஒலிக்கும். வாகனத்தில் செல்வோர் வட்டத்தை ஒரு கிலோமீட்டர் அளவுக்காவது விரித்துக்கொள்ள வேண்டும். ஏ.டி.எம். இயந்திரத்தில் அட்டையை மறந்து வராமல் இருக்க இவ்வசதி உதவுமா என்று கேட்பவர்களுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. உதவாது. பத்தடி தூர மறதிக்கு நூறு மீட்டர் வட்டம் காவல் நிற்க முடியாது.

பெங்களூரின் சாலைகளில்

வட்டத்துக்கு நீளமும் அகலமும் தெரியும், உயரம் தெரியாது. ராகிகுட்டா முதல் சில்க் போர்டு வரை அமைந்த இரட்டை அடுக்கு மேம்பாலத்தை நினைத்துப் பாருங்கள். தரையில் ஒரு சாலை, அதன் மேல் மற்றொரு சாலை, அதற்கும் மேலே மெட்ரோ. மூன்றிலும் செல்பவர்கள் வரைபடத்தின்படி ஒரே புள்ளியில்தான் இருக்கின்றனர். கீழ்ச் சாலையில் உள்ள கடைக்கு நீங்கள் போட்ட வட்டம், மேம்பாலத்தின் மேல் இறங்க வழியின்றிச் செல்லும்போதும் தவறாமல் ஒலிக்கும். பிரிகேடு சாலை போன்ற ஒருவழிப் பாதைகளிலும் இதே சங்கடந்தான். கடையைத் தாண்டியபின் கேட்கும் நினைவூட்டல், திரும்பி வருவதற்கு நீண்ட சுற்றுவழியை நம் தலையில் கட்டிவிடுகிறது. இதற்கு ஒரு தீர்வு உண்டு: வட்டத்தைக் கடையின் மேல் போடாமல், கடைக்குத் திரும்பும் சந்திப்புக்கு முன்பாகப் போட வேண்டும். முடிவெடுக்க வேண்டிய இடம் எதுவோ அதுவே வட்டத்தின் நடுப்புள்ளி.

மெட்ரோ பயணிகளுக்கு இது இன்னும் தெளிவாகப் பொருந்தும். ஒயிட்ஃபீல்டிலிருந்து ஊதா வழித்தடத்தில் அல்சூர் திரும்பும் ஒருவர், இந்திராநகரில் இறங்கி ஒரு வேலையை முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்திராநகர் நிலையத்தில் வட்டம் போட்டால், கதவு மூடி வண்டி நகர்ந்த பின் கைப்பேசி அதிரக்கூடும். அதற்கு முந்தைய சுவாமி விவேகானந்தா சாலை நிலையத்தில் போட்டால், எழுந்து நிற்க நேரம் கிடைக்கும். சுரங்கப் பகுதியில் வேறொரு சிக்கல். எம்.ஜி. சாலை நிலையம் தரைக்கு மேல் இருக்கிறது. அதற்கு அடுத்த கப்பன் பார்க்கிலிருந்து மெஜஸ்டிக் செல்லும் வழியெங்கும் தண்டவாளம் நிலத்துக்கடியில் ஓடுகிறது. அங்கே செயற்கைக்கோளின் குரல் எட்டாது. மெஜஸ்டிக்கில் செய்ய வேண்டிய வேலைக்கு, வண்டி சுரங்கத்துக்குள் நுழையும் முன்பே, எம்.ஜி. சாலையில் வட்டம் போட்டுவிடுவது பாதுகாப்பு.

சந்தைக்கும் கடைக்கும் இவ்வளவு கணக்குத் தேவையில்லை. மல்லேஸ்வரம் எட்டாவது குறுக்குச் சாலைக்கோ, ஜெயநகர் நான்காவது பிளாக்குக்கோ நடந்து செல்பவர், அப்பகுதி முழுவதையும் ஒரே வட்டத்துக்குள் அடக்கி, வாங்க வேண்டியவற்றை ஒரே பட்டியலாக எழுதி வைத்தால் போதும். கடைக்கு ஒரு வட்டம் என்று பத்துப் போட்டால் பத்து முறை ஒலிக்கும். நான்காம் முறையிலிருந்து நாம் கைப்பேசியைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவோம்.

வங்கி அலுவலுக்கு முடிச்சுப் போடும் இடம்

இனி முக்கியமான பகுதி. வங்கி வேலையை நினைவில் வைக்க விரும்புபவர் இயல்பாக என்ன செய்வார்? கிளையின் மேல் வட்டம் போடுவார். பெரும்பாலான வேலைகளுக்கு அது தவறான இடம். கிளை வாசலில் நிற்கும்போது ‘லாக்கர் சாவி’ என்றோ, ‘வைப்புத்தொகைச் சான்று’ என்றோ கைப்பேசி சொன்னால் என்ன பயன்? சாவியும் சான்றும் வீட்டில் அல்லவா இருக்கின்றன.

அப்படியானால் வீட்டைவிட்டுப் புறப்படும்போது என்று குறிக்கலாமே எனத் தோன்றும். அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வட்டத்தைத் தாண்டிய பிறகுதான் நாம் புறப்பட்டோம் என்பது கைப்பேசிக்குத் தெரியும். அதற்குள் மின்தூக்கியில் இறங்கி, தெருமுனையில் ஆட்டோவில் ஏறியிருப்போம். கையில் எடுத்துச் செல்ல வேண்டிய பொருளுக்குப் புறப்பாட்டு நினைவூட்டலை நம்பக் கூடாது. முன்தினம் மாலை வீடு திரும்பியதும் ஒலிக்கும்படி வைப்பதே சரியான வழி. மேலே சொன்ன சான் டியேகோ ஆய்வில் ‘வீடு’ என்பதற்கு என்ன பொருள் கண்டோமோ அதுவே இங்கும் பொருந்துகிறது. வந்து, கைகால் கழுவி, உட்காரும் அந்த வேளையில் உறையை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டால், மறுநாள் காலை நினைவின் உதவியே வேண்டாம். பையைச் செருப்பின் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அதைவிடத் துல்லியமான புவிவேலியை எந்த நிறுவனமும் இன்னும் செய்யவில்லை.

நினைவூட்டலில் எழுதும் சொற்களும் முக்கியம். ‘வங்கி’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதுவது பழைய முந்தானை முடிச்சுக்குச் சமம். இன்ன சூழல் வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்ட தீர்மானம், பொதுவான எண்ணத்தைவிட எளிதில் செயலாகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். ‘நீல உறையை எடுத்துப் பையில் வை’ என்று முதல் செயலையே எழுதுங்கள்.

உயிர்வாழ் சான்றிதழை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மத்திய அரசு ஓய்வூதியர் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் இதை அளிக்க வேண்டும். 80 வயது நிறைந்தோர் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். அளிக்கத் தவறினால், சான்று சேரும் வரை ஓய்வூதியம் நின்றுவிடும். மருந்துச் செலவை அந்தத் தொகையை நம்பி நடத்தும் குடும்பத்துக்கு ஒரு மாத நிறுத்தம் சிறிய செய்தி அன்று. இந்த வேலைக்குக் காலக்கெடு இருக்கிறது. ஆகவே இடத்தை மட்டும் நம்பி விடக்கூடாது. கிளைப்பக்கம் போகும்போது ஒலிக்கும் என்று விட்டுவிட்டு, நவம்பர் முழுவதும் காலில் சுளுக்குடன் வீட்டிலேயே இருந்துவிட்டால் கைப்பேசி வாயே திறக்காது. முதலில் நாட்காட்டியில் நவம்பர் முதல் வாரத்துக்கு ஒரு தேதி நினைவூட்டல். பிறகு, அந்த வாரத்தில் ஒரு மாலை வீடு திரும்பியதும் ஓய்வூதிய ஆணையையும் ஆதாரையும் பையில் வைக்க இடம் சார்ந்த நினைவூட்டல். மூன்றாவதாக, வேறு வேலையாக அப்பக்கம் சென்றாலும் தவறாதிருக்கக் கிளையின் மேல் ஒரு வட்டம். ஒரே வேலைக்கு மூன்று முடிச்சு மிகையாகப் படலாம். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வரும் வேலை என்பதால் பழக்கம் இங்கே கைகொடுக்காது. எனவே இது மிகை அன்று.

இடமே மாறிவிடுவதும் உண்டு. 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் மின்னணுச் சான்று, 2021 முதல் முக அடையாளத்தின் வழியாகவும் பெறத்தக்கதாயிற்று. கைப்பேசியின் ஒளிப்படக் கருவி போதும். இவ்வழியைப் பின்பற்றுவோருக்குச் சான்றிதழின் இடம் கிளை அன்று, வீடு. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் கீழ் ஓய்வூதியம் பெறுவோருக்கோ நவம்பர் என்ற கட்டாயமும் இல்லை. எப்போது அளித்தாலும் அதிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குச் செல்லும். அவர்கள் சான்று அளித்த அன்றே, பதினோராம் மாதத்துக்கு ஒரு நினைவூட்டலை எழுதிவைத்துவிட்டு எழுந்திருப்பது நலம்.

காசோலையும் இவ்வாறே நேரத்தையும் இடத்தையும் சேர்ந்தது. 2012 ஏப்ரல் 1 முதல் காசோலை அதன் தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும். உறவினர் திருமணத்தில் கிடைத்த காசோலை புத்தகத்துக்குள் உறங்கிக் காலாவதியான கதைகள் நம்மிடையே உண்டு. கிளையின் மேல் வட்டம் போடும் போது, இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளை மறந்துவிட வேண்டாம். 2015 செப்டம்பர் முதல் அவை வங்கிகளுக்கு விடுமுறை. வட்டம் விடுமுறை அறியாது, மூடிய இரும்புக் கதவின் முன்னும் கடமையாக ஒலிக்கும்.

கைப்பேசியிலேயே கட்டக்கூடிய பெஸ்காம் மின்கட்டணம் போன்றவற்றுக்கு இடமே கிடையாது. அவற்றைத் தேதியில் கட்டுங்கள். முடிந்தால் கணக்கிலிருந்து தானாகச் செலுத்தப்படும்படி செய்துவிட்டு மறந்துவிடுங்கள்.

இருப்பிடத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம்

இடம் சார்ந்த நினைவூட்டலுக்கு ஒரு விலை உண்டு. நாம் இருக்குமிடத்தைக் கைப்பேசி எப்போதும் அறிந்திருக்க வேண்டும். இப்போதைய ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் பதிப்புகளில், ஒரு செயலி இருப்பிடத்தைக் கேட்கும்போது, பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் அனுமதிப்பதா, எப்போதும் அனுமதிப்பதா என்பதை நாம் பிரித்துத் தீர்மானிக்கலாம். நினைவூட்டல் செயலி மூடியிருக்கும்போதும் ஒலிக்க வேண்டுமானால் அதற்கு ‘எப்போதும்’ என்னும் அனுமதி தேவை. இதில் தவறில்லை, எந்தச் செயலிக்கு என்பதே கேள்வி. ஒருவர் காலை எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டுகிறார், எந்த வங்கிக் கிளைக்குச் செல்கிறார், எந்த மருத்துவமனைக்கு வாரந்தோறும் போகிறார் என்பவையெல்லாம் இருப்பிடத் தொடரிலிருந்து ஊகிக்கத்தக்கவை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதியாக இந்நகரில் வாழ்ந்தவர். 2023-இல் எண்ணிம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. சட்டம் துணை நிற்கும். ஆனால் ‘அனுமதி’ என்னும் பொத்தானை அழுத்துவது நம் விரல்.

கைப்பேசியுடன் வந்த நினைவூட்டல் செயலியில் இவ்வசதி இருக்குமானால் அதையே பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ வந்த இணைப்பைத் தொட்டு எந்தச் செயலியையும் நிறுவ வேண்டாம். வங்கியின் பெயரில் வந்தாலும் வேண்டாம். அப்படி நிறுவிவிட்டுப் பணம் போனது தெரிந்தால், வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும். மின்விளக்கு, தட்பவெப்பம், விளையாட்டு போன்ற செயலிகளுக்கு ‘எப்போதும்’ அனுமதி வழங்கப்பட்டிருக்கிறதா என்று அமைப்புகள் பகுதியில் ஒரு முறை பாருங்கள். பார்த்தவர் பலர் வியந்திருக்கின்றனர். நினைவூட்டல் வேறு, இருப்பிடப் பகிர்வு வேறு என்பதையும் பிரித்தறிய வேண்டும். முன்னதில் வட்டத்தைக் கடந்தோமா என்பதைக் கைப்பேசி நமக்கு மட்டும் சொல்கிறது. பின்னதில் நாம் இருக்குமிடம் மற்றொருவர் திரையில் தெரிகிறது. வெளியூரில் உள்ள மகனோ மகளோ அம்மாவின் இருப்பிடத்தைப் பார்க்க விரும்பினால், அது அம்மாவிடம் கேட்டுச் செய்ய வேண்டிய வேறொரு ஏற்பாடு.

நினைவூட்டலின் சொற்கள் பூட்டுத் திரையிலும் தோன்றும். நெரிசலான பேருந்தில் பக்கத்தில் நிற்பவர் அதைப் படிக்கலாம். ஆகவே கடவுச்சொல், பின் எண், லாக்கர் எண், எடுக்கப்போகும் தொகை எதையும் அதில் எழுதலாகாது. ‘நகையை லாக்கரில் வை’ என்பதைவிட ‘நீல உறை’ என்பது மேல்.

நினைவூட்டல் ஒலிக்காமல் போனால் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. இருப்பிட வசதி அணைக்கப்பட்டிருக்கலாம். துல்லிய இருப்பிடத்துக்குப் பதிலாகத் தோராய இருப்பிடம் மட்டும் அனுமதிக்கப்பட்டிருக்கலாம். மின்கலச் சேமிப்பு முறை செயலியை உறங்க வைத்திருக்கலாம். வைஃபையை அணைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு வட்டத்தின் துல்லியம் குறையும். எந்த இணைப்பிலும் சேராவிட்டாலும், அது இயக்கத்தில் இருப்பதே உதவும்.

பழைய வட்டங்களைக் களைவதும் அவசியம். 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர், பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது. 2019-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த விஜயா வங்கி, பாங்க் ஆஃப் பரோடாவுடனும், 2020-இல் சிண்டிகேட் வங்கி, கனரா வங்கியுடனும் இணைந்தன. இவ்வாறு வங்கிகள் இணையும்போது அருகருகே உள்ள கிளைகள் ஒன்றாவதும், கிளை அடுத்த தெருவுக்கு மாறுவதும் இயல்பு. வரைபடத்தில் நாம் போட்ட வட்டம் மட்டும் பழைய கட்டடத்தைச் சுற்றியே நிற்கும். வீடு மாறியவர்களுக்கும் இதே நிலை: பழைய வீட்டுக்கு அருகே செல்லும் ஒவ்வொரு முறையும், பாலுக்குச் சில்லறை எடுத்து வைக்கச் சொல்லிக் கைப்பேசி அதிரும். செயலியில் ‘வீடு’, ‘அலுவலகம்’, ‘கிளை’ என்று பெயரிட்டுச் சேமித்த முகவரிகளைத் திருத்தினால் அவற்றோடு கட்டிய நினைவூட்டல்கள் பலவும் இடம் மாறிவிடும். வரைபடத்தில் கையால் புள்ளியிட்டவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டும்.